சாவு அல்லது படுகாயம்

கார்வெல் ஊரில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லாண்டரி காலை ஐந்து மணிக்கு ஓட ஆரம்பிக்கும். பிப்ரவரி மாதத்தில் வெளியே ஆற்றின் மேலிருந்து வருகிற காற்று காதை அறுக்கும். உள்ளே நுழைந்த கால் மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். ஓர்னெட்டா கெய்ன்ஸ் பதினெட்டு வருடமாக அங்கே இஸ்திரி உருளைக்கு முன்னால் நிற்கிறாள். ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து ஓர் உதறு உதறி உருளையின் வாயில் கொடுத்தால், அந்தப் பக்கம் அப்பளம் போல மொரமொரப்பாக வரும். அதைப் பிடித்து மடிக்கிறவள் வெர்லீன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ரேடியோ, யார் சொல்லையும் கேட்காமல் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு ரேடியோ சொன்னது இதுதான். கார்வெல் தொகுதி எம்.எல்.ஏ. வலோரியா ஸ்டோவால் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவருகிறார். போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருக்கும் கேமரா எடுத்த படத்தை முப்பது நாளுக்குள் குடும்பத்துக்குக் காட்ட வேண்டும். காட்டாத இலாகா பதில் சொல்ல வேண்டும். கறுப்பின, லத்தீன, ஆசிய உறுப்பினர்கள் பதினோரு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மசோதாவுக்குப் பெயர், ஜூலியன் ப்ரூவர் சட்டம்.

வெர்லீன் மடித்துக்கொண்டிருந்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி ஓர்னெட்டா, வலோரியா உன் கூடப் பொறந்த தங்கச்சிதானே? உன் பையன் லெம் பேரு வைக்கலையா?"

"யாரு பேரு வெச்சா என்ன? பேரு வெச்சா எந்திரிச்சு நடந்துருவானா?"

சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது. விரிப்பு கோணலாக உள்ளே போக, இழுக்கப்போன அவள் மணிக்கட்டு உருளையில் பட்டது. வெர்லீன் கத்திக்கொண்டே மிஷினை நிறுத்தினாள். குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு நின்ற ஓர்னெட்டாவுக்கு எரிச்சல் மணிக்கட்டில் இல்லை.

ஜூலியன் ப்ரூவர். மேவிஸ் ப்ரூவரின் ஒரே பையன். பத்தொன்பது வயது. என்ஜினியரிங் படித்தான், சர்ச்சில் டிரம்பெட் வாசித்தான். ஒத்திகை முடிந்து காரில் உட்கார்ந்திருந்தவனை, திருட்டுக் கார் என்று நினைத்து வந்த போலீஸ்காரன் சுட்டான். நாலு நாள் தெருவில் மெழுகுவர்த்தி எரிந்தது. ஆற்றங்கரைத் தானியக் கிடங்கின் சுவரில் அவன் முகத்தை இரண்டு மாடி உயரத்துக்கு வரைந்தார்கள்.

அதற்கு எட்டு மாதம் முன்னால், ஓர்னெட்டாவின் மகன் லெமுவேல் டயர் கடையிலிருந்து வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தான். வேறு யாரையோ துரத்தி வந்த போலீஸ்காரன் இவனைப் பார்த்து நில் என்றான். லெம் பயந்து ஓடினான். வேலி மேல் ஏறியவன் முதுகில் மின்சாரத் துப்பாக்கியை அழுத்தினான் அந்த ஆள். லெம் தலைகீழாக சிமெண்ட் தரையில் விழுந்தான். சாகவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் சக்கர நாற்காலிக்கு வந்தான். இடது பக்கம் அசையாது, பேச்சு போய்விட்டது. தொண்டையிலிருந்து இரண்டு மூன்று சத்தம் மட்டும் வரும், அதில் எது பசி எது வலி என்று அப்பா அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவனுக்கு மெழுகுவர்த்தி இல்லை. சர்ச்சில் நோயாளிகள் பட்டியலில், சர்ச் ஊழியரான டீக்கன் ஒருவரின் இடுப்பு எலும்புக்கும் இன்னொருவரின் பித்தப்பைக்கும் நடுவில் அவன் பெயரை வாசித்தார்கள். படத்தைக் காட்டுங்கள் என்று ஓர்னெட்டா பதினான்கு முறை போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள். காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்றார்கள்.

மேவிஸ் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோன பெண்களை ஓர்னெட்டா எண்ணியிருக்கிறாள். முதல் வாரம் மட்டும் முப்பத்தாறு பேர். மேவிஸ் சர்ச்சுக்கு வந்தால் நடுவழி ஓரத்து இருக்கை தானாகக் காலியாகும். அவள் போட்டிருக்கும் கத்தரிப்பூ நிறக் கோட்டும் டிவியில் வந்த கோட்டும் ஒன்றுதான் என்பது வரைக்கும் ஓர்னெட்டாவுக்கு மனப்பாடம். பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்து இப்படி எரிகிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் அந்தக் கோட்டு கண்ணில் படும்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வலோரியா வந்தாள். சட்டசபைக்குப் போவதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். இன்றைக்கும் பஸ்ஸை நிறுத்துவது போலத்தான் காரை நிறுத்துவாள், குலுங்கலோடு. கையில் பொரித்த கெளுத்தி மீனும் ஸ்பாகெட்டியும் கொண்டுவந்திருந்தாள். ஓர்னெட்டாவின் கணவன் கிளியோன் சாப்பாட்டு மேஜையில் லெம்முக்கு ஆப்பிள் ஜூஸைக் கெட்டியாக்கிக்கொண்டிருந்தான். தண்ணீராகக் கொடுத்தால் புரையேறும்; பொடி கலந்து கூழ் மாதிரி ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். தானியக் கிடங்குத் தூசியில் நெஞ்சு கெட்டு வேலையிலிருந்து நின்றவன் அவன். காலையில் லெம்மோடு இருப்பது அவன் பொறுப்பு.

"வாம்மா எம்.எல்.ஏ.," என்றான் கிளியோன். "மீனுக்கும் ஏதாவது சட்டம் போட்டியா, முள்ளே இல்லாம வருது?"

"கடைக்காரன் போட்டது மாமா. லெம்மு, சித்தி வந்திருக்கேன் பாரு."

லெம் தலையைத் திருப்பினான். ஓர்னெட்டா அடுப்படியில் கீரைச் சட்டியைக் கிளறிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, என்கிட்ட பேச மாட்டியா?"

"பேசறதுக்கு என்ன இருக்கு? ரேடியோவே எல்லாத்தையும் சொல்லிருச்சே. நீ வேற எதுக்கு சிரமப்படணும்?"

"முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். தப்புதான்."

"எத்தன தப்புன்னு எண்ணிச் சொல்லு."

வலோரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கேளு. கமிட்டியில பதிமூணு பேரு. எனக்கு ஏழு வேணும். எங்காளுங்க ஆறு. லெம் பேர வெச்சா, சொந்த அக்கா மகனுக்காகச் சட்டம் எழுதறான்னு மொத நாளே குழி தோண்டிருவாங்க. அதோட பதினேழு வயசுல போலீஸ் புடிச்ச அந்தக் கார் விவகாரம் வேற இருக்கு."

"கூட்டாளி ஓட்டுன கார்ல பின்னாடி உக்காந்திருந்தான். அது ஒரு விவகாரமா?"

"எனக்குத் தெரியும். அவனுங்க அத எப்படிப் படிப்பாங்கன்னும் தெரியும்."

"ஆமா, ஜூலியன் டிரம்பெட் வாசிச்சான். என் பையன் டயர் கழட்டுனான். டயர் கழட்டறவன் பேர சட்டத்துல எழுதுனா பேப்பர் அழுக்காயிரும்."

கிளியோன் ஸ்பூனை வைத்தான். "ஓர்னி, போதும்."

"போதாது. ஏழாவது ஓட்டு யாருடீ? அதச் சொல்லு."

வலோரியா மீன் பொட்டலத்தைத் திறந்து மறுபடியும் மூடினாள். அதிலேயே ஓர்னெட்டாவுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"ஹால்வர்சன்னு ஒரு விவசாயி. வடக்குத் தொகுதி. நல்ல மனுஷன்தான். ஒலிவாரெஸ் மூணு வாரமா அவர் பின்னாடியே அலைஞ்சு பேசி வெச்சிருக்கார்." ஒலிவாரெஸ் இறைச்சி வெட்டும் தொழிற்சாலை இருக்கும் ஊரின் எம்.எல்.ஏ.; மசோதாவில் வலோரியாவுக்கு அடுத்த கையெழுத்து அவருடையது. "ஹால்வர்சன் ஒத்துக்கிட்டார். ஆனா ஒரு நிபந்தனை."

"என்ன?"

"மசோதாவுல 'சாவு அல்லது படுகாயம்'னு இருந்துச்சு. படுகாயம்னா ஆயிரம் கேஸ் வரும், சின்ன ஊர் போலீஸ் தாங்காதுங்கறார். 'அல்லது படுகாயம்'ங்கற ரெண்டு வார்த்தைய எடுக்கச் சொன்னார்."

"எடுத்துட்டியா?"

"இந்த வருஷம் மட்டும்க்கா. மொதல்ல கதவு தெறக்கட்டும், அப்புறம்..."

ஓர்னெட்டா கரண்டியோடு திரும்பினாள். கீரைத் தண்ணீர் தரையில் சொட்டியது.

"அப்ப இவன் படத்த நான் பாக்கணும்னா இவன் செத்திருக்கணும். அதானே வலோரியா? சாகாம இருந்தது இவன் செஞ்ச குத்தம்."

லெம்முக்குக் குரல் உயர்ந்தால் பிடிக்காது. வலது கையால் மேஜையை அடிக்க ஆரம்பித்தான். ஜூஸ் டம்ளர் உருண்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் துணியைத் தேடினார்கள். வலோரியா அவன் சட்டையைத் துடைக்க வந்தபோது ஓர்னெட்டா அவள் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டாள்.

*

அடுத்த வாரம் ஒரு போன் வந்தது. மரியாதையான குரல். போலீஸ்காரர்கள் சங்கத்து வக்கீலாம்.

"மிஸஸ் கெய்ன்ஸ், மசோதா உங்க குடும்பத்தக் கண்டுக்கலன்னு கேள்விப்பட்டோம். கமிட்டி விசாரணைக்கு நீங்க வந்து ரெண்டு நிமிஷம் பேசலாம். எதிர்ப்புன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தாப் போதும். மனசுல இருக்கறதச் சொல்லுங்க."

எப்படிக் கேள்விப்பட்டார் என்று அவள் கேட்கவில்லை. ஊரில் எல்லா வாய்க்கும் காது உண்டு. வருகிறேன் என்றாள். கிளியோனிடம் தங்கைக்குத் துணையாகப் போவதாகச் சொன்னாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவனிடம் இப்படி நேருக்கு நேர் பொய் சொன்னதில்லை. அவன் நம்பினானா என்று தெரியவில்லை. வழிக்கு இரண்டு சாண்ட்விச் கட்டிக் கொடுத்தான்.

மார்ச் மாதம், பனி உருகும் காலம். தலைநகரத்துக்கு மூன்று மணி நேர பஸ். இரண்டு பக்கமும் அறுத்த சோளத் தட்டைகள் சேற்றில் குத்திட்டு நின்றன. போகும் வழியெல்லாம் மேவிஸைப் பற்றித்தான் நினைத்தாள். எல்லோர் முன்னாலும் அவள் முகம் சிறுத்துப் போவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதைப் பார்ப்பதற்காகவே தங்கச்சியின் சட்டம் விழுந்தாலும் விழட்டும். இப்படி நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இல்லை. சாண்ட்விச்சை ருசித்துச் சாப்பிட்டாள்.

விசாரணை அறையில் மேவிஸ் முதல் வரிசையில் இருந்தாள், அதே கோட்டு. ஓர்னெட்டாவைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்க உக்காருங்க சிஸ்டர் ஓர்னெட்டா. உங்களுக்குத்தான் இடம் போட்டு வெச்சேன். வருவீங்கன்னு தெரியும்."

ஓர்னெட்டாவுக்கு வேறு வழியில்லாமல் போனது. மேவிஸ் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை நீட்டினாள். வாங்கிக்கொண்டாள், வாயில் போடவில்லை.

வலோரியா மசோதாவை விளக்கினாள். பஸ்ஸில் கத்துகிற பிள்ளைகளை அடக்கிய குரல் அது. உயர்த்தாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. ஒலிவாரெஸ் பேசினார், தன் ஊரில் இறைச்சி வெட்டுகிறவர்கள் போலீஸ் காரைப் பார்த்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள் என்றார். பிறகு மேவிஸ் எழுந்தாள். வரிவசூல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், சொற்களைச் சுத்தமாக உச்சரிப்பாள். ஜூலியன் ஷூ அளவைச் சொன்னாள். அந்த ஷூவை இன்னும் வாசலிலிருந்து எடுக்கவில்லை என்றாள். அறையில் கண்ணைத் துடைத்தவர்கள் பதினேழு பேர். ஓர்னெட்டா எண்ணினாள்.

"எதிர்ப்பு. ஓர்னெட்டா கெய்ன்ஸ், கார்வெல்," என்று கமிட்டித் தலைவர் வாசித்தார்.

வலோரியா தலையைத் தூக்கினாள். அந்த முகத்தை ஓர்னெட்டா ஒரே ஒரு முறைதான் முன்பு பார்த்திருக்கிறாள், அம்மா இறந்த செய்தியைச் சொன்னபோது. வக்கீல் சுவரோரம் கைகட்டி நின்றார். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்ததும் பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்த சொல் ஒன்றும் வரவில்லை.

"நான் லாண்டரில வேலை பாக்கறேன். படிச்சவ இல்ல. இந்தச் சட்டத்துக்கு எதிர்ப்புன்னு எழுதிக் குடுத்திருக்கேன். ஏன்னா இது செத்தவங்களுக்கு மட்டும். என் பையன் சாகல."

தண்ணீர் குடித்தாள்.

"அவனுக்கு நான் பல்லு விளக்கி விடறேன். ராத்திரி மூணு தடவ பொரட்டிப் போடறேன். அந்த வேலி மேல என்ன நடந்துச்சுன்னு அவனுக்குச் சொல்லத் தெரியாது. படம் உங்ககிட்ட இருக்கு. அவன் போய்ச் சேந்திருந்தா முப்பது நாள்ல காட்டுவீங்க. அதோ, அந்தம்மா பையன் செத்துட்டான். ரெண்டு வருஷமா நான் அவங்களப் பாத்துப் பொறாமப்படறேன். பிள்ளையப் பொதச்ச ஒருத்தியப் பாத்து! நான் பொறந்தப்ப இப்படி இல்லைங்க. என்னை இந்த மாதிரி ஒருத்தியா ஆக்கிட்டீங்க. இன்னைக்குக்கூட அவங்க மூஞ்சி வாடறதப் பாக்கத்தான் வந்தேன். ஆனா எனக்கு வேணுங்கறது அது இல்ல. அந்த ரெண்டு வார்த்தையத் திருப்பி எழுதுங்க. அவ்வளவுதான்."

யாரும் கண்ணைத் துடைக்கவில்லை.

வலோரியா எழுந்து நின்றாள். ஒலிவாரெஸ் அவள் கோட்டைப் பிடித்து இழுத்து, "இப்ப வேணாம் மேடம், ஹால்வர்சன் போயிடுவார்," என்று முணுமுணுத்தது மைக்கில் விழுந்தது.

"தலைவர் அவர்களே," என்றாள் வலோரியா. "இது என் மசோதா. 'அல்லது படுகாயம்' என்ற சொற்களை நான்தான் எடுத்தேன். நானே திரும்பச் சேர்க்கிறேன்."

எதிர்த்தரப்பு உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருத்தத்துக்கு அவர்களும் புன்னகையோடு 'ஆம்' என்றார்கள். அந்த இரண்டு சொல் வந்தால் மசோதா நிற்காது என்று கணக்குத் தெரிந்தவர்கள். அடுத்து மசோதாவுக்கே ஓட்டெடுப்பு. ஹால்வர்சன் தன் பெரிய கைகளைப் பார்த்தபடியே 'இல்லை' என்றார். ஆறுக்கு ஏழு. அந்த வருடத்துக்கு மசோதா விழுந்தது.

*

வெளியே பளிங்குத் தூண்களுக்கு நடுவில் மேவிஸ் தனியாக நின்றாள். ஓர்னெட்டா ஒதுங்கிப் போகப் பார்த்தாள்.

"நில்லு," என்றாள் மேவிஸ். 'சிஸ்டர்' என்ற அழைப்பு போய்விட்டது. "என் பையன் சட்டத்தக் கொன்னுட்ட."

"ஆமா."

"திருப்தியா?"

"இல்ல."

"பொறாமைன்னு சொன்னியே, நான் என்ன பட்டேன்னு தெரியுமா? சர்ச்சுக்கு நீ அவனத் தள்ளிட்டு வருவ. பாட்டுக்கு நடுவுல குனிஞ்சு அவன் மூக்கச் சிந்தி விடுவ. அலுத்துக்கிட்டே பண்ணுவ. அந்த அலுப்ப என் கண்ணால பாப்பேன். தொடைச்சு விட எனக்கு ஒரு மூக்கு இல்லையேன்னு இருக்கும். உன் மேல இடி விழணும்னு ஜெபம் பண்ணியிருக்கேன். ஜெபம்! ஆண்டவர் சன்னதியில உக்காந்துக்கிட்டு."

"நெறைய அலுத்துக்குவேன்," என்றாள் ஓர்னெட்டா. "பொய் சொல்லல."

"தெரியும். பாத்திருக்கேன்னு சொன்னேனே."

வலோரியா கோப்புகளோடு வந்தாள். அக்காவைப் பார்க்காமல் மேவிஸைப் பார்த்தாள். "மன்னிச்சுருங்க. உங்களுக்கு வாக்கு குடுத்துட்டு..."

"அடுத்த வருஷம் எத்தன பேரு வேணும்?" என்று மேவிஸ் கேட்டாள்.

"ஏழுதான்."

"அப்ப ஏழுக்கு வேலை பாருங்க. கார்ல எடம் இருக்கு சிஸ்டர் ஓர்னெட்டா. பஸ்ஸுக்கு நாலு மணி நேரம் காத்திருக்கணும். ஏறுங்க."

மூன்று மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்கள். கார்வெல் பாலம் ஏறும்போது, ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, "இந்த வருஷம் தண்ணி ஜாஸ்தி," என்றாள் மேவிஸ். "ஆமா," என்றாள் ஓர்னெட்டா.

தங்கைதான் மூன்று மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஜூன் மாதம் ஒரு நாள் குலுங்கலோடு கார் வந்து நின்றது. "ஒலிவாரெஸ் ஊர்ல இருந்து ஒம்பது பேரு லெட்டர் போட்டிருக்காங்கக்கா. எல்லாம் உசுரோட இருக்கறவங்க. இத்தன நாளா சட்டத்துல எங்களுக்கு எடம் இல்லன்னு வாய் தெறக்காம இருந்தாங்களாம்." கிளியோன் அவளுக்குக் காப்பி ஊற்றினான். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.

அடுத்த மார்ச்சில் விசாரணை அறையில் நிற்க இடமில்லை. ஒற்றைக் கண்ணோடு ஒருவன், தாடை ஒட்டுப்போட்ட ஒருத்தி, ஊன்றுகோலோடு மூன்று பேர். ஹால்வர்சன் தொகுதியிலிருந்தே வெள்ளைக்கார விவசாயி ஒருவர் தன் மகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார். அவள் தோள்பட்டை எலும்பை உடைத்த போலீஸ்காரன் யார் என்று அவருக்கும் இன்னும் காட்டவில்லையாம். அவரை ஹால்வர்சனுக்கு நாற்பது வருடமாகத் தெரியும். கிணறு வெட்ட இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை ஹால்வர்சன் 'ஆம்' என்றார். மே மாதம் கவர்னர் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடம் முந்தைய சம்பவங்களுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தது. பெயர் ஜூலியன் ப்ரூவர் சட்டம்தான். லெம் பெயர் எங்கேயும் இல்லை. அதைப் படித்தபோது ஓர்னெட்டாவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுருக் போய்விடும் என்று அவள் இப்போது எதிர்பார்ப்பதில்லை.

முதல் படம் மேவிஸுக்குக் கிடைத்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு வாரம் அவள் யாரோடும் பேசவில்லை. ஆகஸ்டில் படத்தைப் பார்க்க வரச்சொல்லி ஓர்னெட்டாவுக்குக் கடிதம் வந்தது. கிளியோன் என் நெஞ்சு தாங்காது என்றுவிட்டான். வலோரியாவுக்குச் சட்டசபை நாள். ஓர்னெட்டா மேவிஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கூட வருவீங்களா?"

மேவிஸ் சாவியை எடுத்தாள்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு பெண் அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தாள். நாலு நிமிடம் பதினோரு விநாடி என்றாள். படத்தில் ஒரு சந்து ஓடியது, மூச்சு வாங்கும் சத்தம் ஓடியது, வேலி வந்தது. வேலி மேல் லெம்மின் முதுகு, டயர் கடைச் சட்டை. அப்புறம் அவன் குரல் வந்தது. நாலு வருடமாக வீட்டில் இல்லாத குரல், முழுசாக, சளி பிடித்த மாதிரி கொஞ்சம் கரகரவென்று.

"சார், சார், இறங்கிடறேன் சார். லெமுவேல் கெய்ன்ஸ் சார் நான். எங்கம்மா லாண்டரில இருக்காங்க, கேட்டுப் பாருங்க. இறங்கிடறேன், காலு மாட்டிக்கிச்சு."

அப்புறம் சடசடவென்ற சத்தம். அப்புறம் அவன் இல்லை.

ஓர்னெட்டா அழவில்லை. அவன் உருப்படியாகப் பேசிய கடைசிப் பேச்சு அது. அம்மா என்று சொன்ன கடைசிச் சொல்லும் அதில்தான் இருந்தது. அதைக் கேட்டவன் அந்தப் போலீஸ்காரன். மின்சாரத் துப்பாக்கியை அழுத்தியதற்காக, மகனைக் கீழே விழ வைத்ததற்காக அவனை நாலு வருடம் வெறுத்திருக்கிறாள். இப்போது, நான் கேட்க வேண்டியதை அவன் கேட்டுக்கொண்டு போய்விட்டானே என்று அவன் மேல் எழுந்தது வேறொன்று. அதற்குப் பொறாமை என்பதைத் தவிர அவளுக்கு வேறு பெயர் தெரியவில்லை.

பக்கத்தில் மேவிஸ் இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்திருந்தாள்.

"என் பையன் படத்துல குரலே இல்ல," என்றாள். "கார் கண்ணாடி ஏத்தியிருந்துச்சு. வாய் அசையுது. என்ன சொன்னான்னு தெரியல. நூறு தடவ பாத்தும் தெரியல." பிறகு மெல்ல, "இன்னொரு தடவ போடச் சொல்றியா? உன் பையன் பேசறத நானும் கேக்கறேன்," என்றாள்.

மாட்டேன் என்றுதான் முதலில் வாய்வரை வந்தது. இது என் பையன் குரல். ஊரே உன் பையனைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறது, இதையாவது எனக்கு விடு. மேவிஸ் கெஞ்சவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காது கேளாதவர்கள் உதட்டைப் பார்ப்பது போல.

ஓர்னெட்டா நாற்காலியை இழுத்து அவள் பக்கமாகப் போட்டாள்.

"மேடம்," என்று அதிகாரியிடம் சொன்னாள், "ஆரம்பத்துல இருந்து போடுங்க. சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வைங்க."